பழையனூர்ப் பிணையும் இணையத்துப் பிணையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் வழியில், திருத்தணிக்கு அண்மையில் உள்ளது திருவாலங்காடு. அதனை அடுத்த ஊர் பழையனூர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் பழையனூர் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளிக்கப்பட்ட செய்தியைக் கூறும் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. சமணராகிய நமக்கோ, இது நீலகேசிக் காப்பியத்தோடு தொடர்புடைய ஊராதலின் மிகவும் நெருங்கியது.

பழையனூர் நீலியின் கதையை நம் இல்லத்து முதியோர் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். பழிவாங்க வந்த பேய் ஒன்று மனைவி வடிவம் கொண்டு ஒரு வணிகனைத் தொடர்கிறது. அவன் அஞ்சி ஊராரிடம் முறையிடுகிறான். வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி, "உன் உயிருக்கு ஊறு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்" என்று பிணை நிற்கின்றனர். அவனும் தன்னைக் காத்துவந்த படைக்கலத்தை அவர்கள் சொற்படி விட்டுவிடுகிறான். அன்றிரவே மாள்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்து உயிர் விடுகின்றனர்.

இக்கதை அண்மையில் நம் நினைவுக்கு வரக் காரணம் ஒரு சிறு தொகை. பல்லாண்டுகளாகச் சேர்த்த தபால்தலைகளை இணைய ஏலத்தில் விற்றோம். வாங்கியவர் பொருள் பெற்று, நிறைவு தெரிவித்து எழுதியும்விட்டார். ஆனால் அவர் செலுத்திய பணத்தை இடையில் நின்ற பணம் செலுத்தும் நிறுவனம், "ஆய்வில் உள்ளது" என்று கூறி நிறுத்தி வைத்தது. நாம் எழுதிய மடல்கள் அனைத்திற்கும் ஒரே வாசகமே விடையாக வந்தது. எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. ஐந்து திங்கள் கழித்து, காரணம் எதுவும் கூறப்படாமலே பணம் வந்து சேர்ந்தது. இழப்பு ஒன்றுமில்லை என்றே கூறலாம். எனினும் மனத்தில் ஒரு வினா எஞ்சியது: முகமில்லாத ஒன்று தரும் சொல், சொல்லாகுமா?

நேர்க்கடையில் வாங்குபவர் பொருளைக் கண்ணால் பார்க்கிறார். விற்பவர் பணத்தைக் கையில் பெறுகிறார். இணையத்தில் இருவரும் தத்தம் காவலை விட்டுவிடுகின்றனர், படைக்கலத்தை விட்ட வணிகனைப் போல. அவ்விடத்தை நிரப்பவே பிணை தேவைப்படுகிறது. 1995இல் அமெரிக்காவில் தோன்றிய ஈபே நிறுவனம், வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப்பற்றி ஒருவர் எழுதும் மதிப்புரைகளையே முதலில் பிணையாகக் கொண்டது. பழிக்குப்பழியாக எழுதும் வழக்கம் மிகவே, வாங்குவோரை விற்போர் குறைகூறும் வாய்ப்பை 2008இல் நீக்கியது. இந்தியாவில் பாசீ என்னும் ஏலத்தளத்தை 2004இல் வாங்கிய அந்நிறுவனம், பொருள் சேரும்வரை பணத்தை இடையில் வைத்திருக்கும் 'பைசாபே' முறையை நடத்தியது. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. பிறருடைய பணத்தை இடையில் வைத்துக் காக்கும் அம்முறையோ வெவ்வேறு பெயர்களில் இன்றும் நடைபெறுகிறது.

இது குறித்து நம் ஆசிரியர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தித்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தார் விரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை வகுக்கிறது. போலிச் சரக்கு விற்றலும், அளவையைக் கூட்டிக் குறைத்தலும் கள்ளாமை விரதத்தின் குற்றங்கள். ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரம், கள்ளாமையின்கீழ் வைக்கப்படவில்லை; வாய்மையின்கீழ் வைக்கப்பட்டுள்ளது. பொய்யாவணம் எழுதும் கூடலேகக் கிரியையும் அதனருகே நிற்கிறது. இவ்வைப்பு முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடைக்கலப் பொருளை மறுப்பவன் பொருளுக்குச் செய்யும் தீங்கினும் சொல்லுக்குச் செய்யும் தீங்கு பெரிது.

"மோசடிகள் மலிந்த உலகில் ஐயம் எழுந்தால் பணத்தை நிறுத்தாமல் என்செய்வது?" என்று அந்நிறுவனத்தார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எழுபதின்மரும் விசாரித்தே ஏமாந்தனர். பிழை நேர்வது மனித இயல்பு. பிழைக்குப்பின் முன்வந்து நிற்பதே பிணை. தீப்பாய்தலை அகிம்சை நெறியினராகிய நாம் போற்ற இயலாது. தன்னுயிரை மாய்த்தலும் கொலையே. ஆயினும், "சொன்னவர் யாம்" என்று எழுபது பேர் வெளிப்பட்டு நின்றனர் அன்றோ? இன்று நாம் வேண்டுவது உயிரன்று. பெயர் கூறி விடையளிக்கும் ஒரு மனிதரை மட்டுமே.

சட்டமும் இதனை உணரத் தொடங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரைத் தளத்தில் வெளியிடவேண்டும். நுகர்வோர் முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டும். ஒருவர் கணக்கில் கழிக்கப்பட்ட பணம் உரியவரைச் சேராது, குறித்த நாளுக்குள் திருப்பப்படவும் இல்லையெனில், நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் ஆணையிட்டது. இவ்வுரிமைகளை நம் இல்லத்து இளைஞரும் முதியோரும் அறிந்திருத்தல் நன்று.

இனி நம் பக்கமும் பார்ப்போம். உடுத்திய ஆடையை "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புவதும், பொருள் வந்தும் வரவில்லை எனப் பணம் மீளப் பெறுவதும், கைம்மாறு பெற்றுக்கொண்டு வாங்காத பொருளுக்குப் புகழுரை எழுதுவதும் எவ்விரதத்தில் சேரும்? புகழுரை பொய்யெனில் அது பொய்யாவணமே. முகம் காணாத நிறுவனத்தை ஏமாற்றினால் பாவமில்லை என எண்ணுவோமாயின், நாமும் முகமற்றவராகிறோம். அவ்வாறே, விடை எழுதிய ஊழியர்மீது நாம் அந்த ஐந்து திங்களும் கொண்ட சினமும் கட்டிய வினையே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நம் காப்பியத்தில் பழையனூர் நீலி தீயில் முடிவதில்லை. முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்தவள், அவர் உரைத்த அறத்தைக் கேட்டுக் கொலையை விட்டு, வாய்மைக்காக வாதிடுபவளாக மாறுகிறாள். வஞ்சனையின் வடிவே திருந்தக்கூடும் என்று நம்பிய மரபு நம்முடையது. ஆகவே முறையிடுவோம், உரிமையைக் கேட்போம். நம் கைக்கு வந்த பிறர் பொருளை மட்டும் ஒருநாளும் தாமதியாது சேர்ப்போமாக.