மாலை போட்டவர் மறுபடி குடிச்சா சாமி குத்தமா?

 

தைப்பூசத்துக்கு மதுரையில இருந்து பழநிக்கு நடக்குற குழுக்கள்ல, குடியை விடணும்னே மாலை போட்டவங்க அநேகமா இருப்பாங்க. எங்க குழுவிலயும் ஒரு அண்ணன் இருந்தார். பதினஞ்சு வருஷமா தினமும் குடி. திருப்பரங்குன்றத்துல மாலை போட்ட அன்னிக்கே சுத்தமா நிறுத்திட்டார்.

மூணாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் நடுங்கி, "சுவத்துல பூச்சி ஊருது"ன்னு கத்தினார். சாமி வந்திருக்குன்னு நாங்க விபூதி பூசினோம். விவரம் தெரிஞ்ச ஒரு அக்கா அதட்டின பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வருஷக்கணக்கா குடிக்குப் பழகின மூளைக்கு அது திடீர்னு நின்னா இப்படி ஆகுமாம். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால நிறுத்தும்போதே டாக்டர் பார்வையில, பி1 வைட்டமினும் நடுக்கத்தை அடக்குற மருந்தும் எடுத்துக்கிட்டு நிறுத்தணும்.

பிழைச்சு, 48 நாளும் விரதம் இருந்து பழநிக்கும் நடந்தார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சம்பள நாள்ல மறுபடி குடிச்சிட்டார். அப்புறம் கோயிலுக்கும் வரல, டாக்டர்கிட்டயும் போகல. "முருகன் முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

எனக்கு உறுத்துறது இதுதான். சர்க்கரை நோயாளி தீபாவளிக்கு லட்டு தின்னு சுகர் ஏறிட்டா, அவரைப் பாவின்னா சொல்றோம்? டாக்டரைப் போய்ப் பாருங்கன்னுதானே சொல்றோம். குடி நோயும் திரும்பத் திரும்ப வரக்கூடியதுதான்.

"அப்போ அடி வாங்கின பொண்டாட்டிக்கு என்ன பதில்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நோய்னு சொல்லி அவர் தப்பிச்சுக்க முடியாது. நோய்னு தெரிஞ்ச பிறகும் வைத்தியத்துக்குப் போகாம இருந்தா, அந்தக் கணக்கு அவர் தலையிலதான். ஆனா சாமி குத்தம், சாமி குத்தம்னு பயமுறுத்தி அவரை ஒளிய வச்சது நாம.

குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர் சாந்தி ரங்கநாதன். கோபப்பட அவங்களைவிட யாருக்கு உரிமை இருக்கு? அவங்க 1980ல சென்னையில குடிநோயாளிகளுக்கு சிகிச்சை மையம் தொடங்கினாங்க. இன்னிக்கு அது டிடிகே ஆஸ்பத்திரி. 1992ல அவங்களுக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது.

மருந்து தேடிப் போனா பக்தி குறைவுன்னு சிலர் சொல்றாங்க. பழநியில நாம கும்பிடுற மூலவரையே போகர் சித்தர் நவபாஷாணத்துல செஞ்சார்ங்கிறது நம்ம நம்பிக்கை. மருந்தாவே நிக்கிற சாமிகிட்ட போயிட்டு மாத்திரை வேணாம்னா எப்படி?

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மாலை பேச்சே எடுக்கல. மாத்திரை இருக்கான்னு மட்டும் கேட்டேன். "தீந்து ரொம்ப நாளாச்சு"ன்னார். வர்ற செவ்வாய்க்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போறேன்.

உங்க வீட்டுல யாராவது இப்படி இருந்தா 14446க்குக் கூப்பிடுங்க. போதை மீட்புக்கான தேசிய உதவி எண், காசு கிடையாது.

வேலும் மயிலும் துணை.