கை பழக யாருடைய காது?

பாடாங் மேஹா தோட்டத்து லயத்தில் என் பாட்டிக்கு இடது காதில் வருடக்கணக்காகச் சீழ் வடிந்தது. சூடு பண்ணின எண்ணெய்தான் மருந்து. கடைசியில் அந்தக் காது கேட்காமலே போனது. அதை நினைத்துத்தான் காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சைப் படிப்பில் சேர்ந்தேன். நான்கு வருடப் பயிற்சி.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "ஏம்பா டாக்டரு, கை பழகுறதுக்கு யாரு காதை வெட்டுன?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன்னா, கேள்வி நியாயமானது. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் துளையிட்டுத்தான் சீழ் பிடித்த பகுதியை எடுக்கிறோம். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. கை கொஞ்சம் தவறினால் பாதி முகம் செயலிழந்துவிடும். கண் மூடாது, வாய் கோணிப் போகும். புத்தகம் படித்து இந்தக் கை வராது. யாராவது ஒருவர் முதல் ஆளாக இருந்தே ஆக வேண்டும். அது எப்போதும் கேள்வி கேட்கத் தெரியாத ஏழையாகவே இருந்தால், அது தர்மமா?

இறந்தவர்கள்தான் எங்களுக்கு முதல் குரு. தானமாகக் கிடைத்த எலும்பில், மைக்ரோஸ்கோப் வைத்துத் துளையிட்டுப் பழகுகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் 'சைலண்ட் மெண்டர்' என்ற திட்டம் நடக்கிறது. உடலைத் தானம் செய்தவரை 'மௌன குரு' என்றே மதிக்கிறார்கள். மாணவர்கள் அவருடைய குடும்பத்தைப் பார்த்து, அவர் வாழ்ந்த கதையைத் தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் உடலைத் தைத்து, மரியாதையோடு தகனம் செய்கிறார்கள்.

"உடம்பு முழுசா எரியணும்பா" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அந்த உணர்வை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்திரனின் வஜ்ராயுதத்துக்குத் தன் எலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் கதையைச் சொல்லித் தந்ததும் அவர்கள்தானே? யாரோ கொடுத்த எலும்பில் பழகிய கையால் நாம் வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம். வாங்க மட்டும் தெரிந்து கொடுக்கத் தெரியாவிட்டால், அது கடன்தான்.

உயிரோடு இருப்பவரிடம் எனக்கு இன்னொரு கடமை உண்டு: உண்மை. "நான் படிச்சிக்கிட்டிருக்கிற டாக்டர். பெரிய டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. வேணாம்னா தாராளமா சொல்லலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துப் பார்த்தார். "கத்துக்கோ சாமி. அவசரப்படாத" என்றார். பயத்தோடு கொடுத்த சம்மதம். அதுவும் தானம்தான்.

உடல் தானப் படிவம் என் மேசையில் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் எப்படி ஆரம்பிப்பீர்கள்?