பாவியின் கையால் வரும் தேவ வரப்பிரசாதம்



"அந்தச் சுவாமியாருடைய நடத்தை சரியில்லையாமே, அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? அவர் வைத்த பூசை பலிக்குமா?" இப்படிப்பட்ட பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கலாம். கேட்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் திருச்சபையையே பிளந்த கேள்வி இது.

303-ம் ஆண்டில் உரோமைச் சக்கரவர்த்தி தியோக்கிளேசியன் வேதகலாபனையைத் தொடங்கினான். வேதப்புத்தகங்களை ஒப்படைக்கும்படி கட்டளை பிறந்தது. அநேகர் மறுத்து உயிரை விட்டார்கள். குருக்கள், மேற்றிராணிமாரில் சிலரோ அஞ்சி ஒப்படைத்துவிட்டார்கள். பின்பு வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரில் செசிலியான் என்பவர் மேற்றிராணியாரானார். அவருக்கு அபிஷேகம் செய்தவர் புத்தகங்களை ஒப்படைத்தவரென்றும், ஆகையால் பட்டம் செல்லாதென்றும் சொல்லி ஒரு கூட்டத்தார் பிரிந்துபோனார்கள். தொனாத்து என்பவர் அவர்களுக்குத் தலைவரானதால் தொனாத்தியர் எனப்பட்டார்கள். விசாரணையில் அந்தக் குற்றச்சாட்டு பொய்யென்று தெரிந்தது. ஆயினும் 314-ல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் ஒருபடி மேலே சென்று, மெய்யாகவே அப்படிப்பட்டவர் பட்டம் கொடுத்திருந்தாலும், பெற்றவருக்கு அதனால் குறைவில்லையென்று தீர்த்தது.

பிரிவினை அதோடு ஓயவில்லை. நூறாண்டுக்குப் பின் அர்ச். அகுஸ்தீனார் அவர்களுக்குச் சொன்ன விடையின் சாரம் இதுவே: இராயப்பர் ஞானஸ்நானம் கொடுத்தாலும், யூதாசே கொடுத்தாலும், உண்மையில் கொடுக்கிறவர் கிறிஸ்துநாதர்.

தூரதேசத்திலிருக்கும் தகப்பன் கடிதம் எழுதுகிறார். கொண்டுவரும் தபால்காரன் குடிகாரனாயிருக்கலாம். அதனால் கடிதம் தகப்பனுடையதல்ல என்போமா? தேவத்திரவிய அநுமானங்களும் அப்படியே. இல்லாவிட்டால், குருவின் இருதயத்தைச் சோதித்துப் பார்த்தல்லவா நாம் நன்மை வாங்கவேண்டும்? அது யாரால் ஆகும்?

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கடிதம் தகப்பனுடையது என்பதற்காக, வீடு புகுந்து திருடிய தபால்காரனை யாராவது ஒளித்து வைப்பார்களா? இந்தப் போதனை விசுவாசிகளின் ஆறுதலுக்காக உண்டானது. குற்றவாளியின் கேடயமாக அல்ல. நமது காலத்தில் பல தேசங்களில் சில குருக்கள் சிறுபிள்ளைகளுக்குச் செய்த அக்கிரமமும், மேலதிகாரிகள் சிலர் அதை மூடிமறைத்ததும் வெளிவந்தன. திருச்சபையின் மானத்தைக் காப்பதாக நினைத்து மௌனமாயிருந்தவர்கள், சேசுநாதர் மடியிலேற்றிய பிள்ளைகளைக் கைவிட்டார்கள். 2019-ம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ், இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவிகளும் அதைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டுமென்று சட்டமாக்கினார்.

ஆகையால், உங்கள் ஞானஸ்நானத்தைப்பற்றிக் கலங்காதீர்கள், அது கிறிஸ்துநாதருடையது. குருக்களுக்காக நாள்தோறும் வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை அழுதுகொண்டு வந்து ஒன்றைச் சொன்னால், "சுவாமியாரைப்பற்றிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்; நம்புங்கள்; நீதி கிடைக்கும்வரை உடன் நில்லுங்கள். அதுவும் விசுவாசத்தின் கடமையே.