சுமைதாங்கிக் கல்லும் கணிப்பொறியும்

முன்பின் அறியாத ஒருவனுக்கு வழிவிடுவது அறமாகுமா? அவன் தீயவனாயின் அப்பழியில் நமக்கும் பங்குண்டா?

2022 செப்டம்பரில் ஈரான் நாட்டில், முக்காடு விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட மாசா அமினி என்னும் 22 வயது நங்கை காவலில் இருந்தபோது மயங்கி வீழ்ந்து, பின்னர் உயிரிழந்தார். மக்கள் வீதியில் திரண்டனர். அரசு இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்நாளில் பிற நாடுகளில் வாழ்வோர் பலர் தத்தம் வீட்டுக் கணிப்பொறியில் 'ஸ்நோஃப்ளேக்' என்னும் சிறு கருவியை இயங்கவிட்டனர். தடைக்குள் இருப்பவரின் செய்தி அக்கணிப்பொறி வழியே 'டோர்' வலையமைப்பை அடைந்து, அங்கிருந்து உரிய இடம் சேரும். வழி தந்தவர் செய்தியைப் படிக்கவியலாது. வந்தவரின் பெயரும் நோக்கமும் அறியார்.

இவ்வறியாமையே ஐயத்தின் வேர். அவ்வழியே கயவனும் செல்லக் கூடுமன்றோ? கூடும். சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்ட நம் முன்னோர், மூட்டைக்குள் இருப்பது நெல்லா, களவுப் பொருளா என வினவினாரல்லர். எனினும் இவ்வுவமை மட்டும் போதாது. கல்லுக்கு அறிவில்லை, நமக்கு உண்டு. ஆதலின் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். பொருளும் திறமும் படைத்த தீயவனுக்கு வேறு வழிகள் பல. அயல்நாட்டிலுள்ள மகனுக்கு 'நலம்' என ஒரு சொல் அனுப்பத் துடிக்கும் தாய்க்கோ இஃதொன்றே வழியாகலாம். கதவை அடைத்தால் முன்னவன் இழப்பது சிறிது. பின்னவள் உள்ளதனைத்தையும் இழப்பாள்.

ஆகவே திறத்தலே அறம் எனத் துணியலாம். ஆயினும் அதுபற்றிச் செருக்குற வேண்டா. நமக்குச் செலவு சிறிது மின்சாரமே. வழி தேடுவோர்க்கோ சிறையும் நேரக்கூடும். துணிவு அவர்களுடையது, நாம் தருவது இடம் மட்டுமே.