பகையின்றி நிகழும் அநீதி

ஒருவனுடைய உள்ளத்தில் பகை சிறிதும் இல்லாதபோதும் அவன் கையால் அநீதி நிகழக்கூடுமா? நிகழாது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் ஆப்பிரிக்க, கரிபியன் வழிவந்தோர் அடைந்துவரும் அனுபவம் அவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது.

டேவிட் பென்னட் ஜமைக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்றவர். மனநோய்க்காகப் பல்லாண்டுகள் மருத்துவம் பெற்றுவந்தார். 1998 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, நார்விச் நகர மருத்துவமனையொன்றில், தொலைபேசியைப் பயன்படுத்துவது குறித்து அவருக்கும் வெள்ளையரான மற்றொரு நோயாளிக்கும் தகராறு மூண்டது. மற்றவர் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசினார். இருவரையும் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டவர் பென்னட். ஏச்சுக் கேட்டவருக்கே இடமாற்றம்! சினமுற்ற அவர் அங்கே ஒரு செவிலியைத் தாக்கினார். தாக்கியது தவறே. பணியாளர்கள் அவரைத் தரையில் குப்புறக் கிடத்தி, ஏறத்தாழ 25 நிமிடம் அழுத்திப் பிடித்தனர். மூச்சு அடங்கிற்று. அவருக்கு வயது 38.

அவ்விரவில் பணியிலிருந்தோர் கொலைகாரர் அல்லர். எனினும், ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் பிளோஃபெல்ட் தலைமையிலான விசாரணைக் குழு, நாட்டின் பொது மருத்துவ அமைப்பிலேயே நிறவெறி ஊறிக்கிடக்கிறது என்று கூறிற்று. குப்புறக் கிடத்திப் பிடிப்பது 3 நிமிடத்திற்கு மேற்படலாகாது என்றும் பரிந்துரைத்தது. ஊறிய பழக்கம் பகையினும் கொடிது. பகைவனாவது தான் பகைவன் என்பதை அறிவான்.

'இவ்வினத்தாருக்கு இயல்பாகவே இந்நோய் மிகுதி. ஆகவே மிகுதியாக அடைக்கப்படுகின்றனர்' என்பாரும் உளர். அப்படியாயின் அவர்களுடைய தாயகத்திலும் நோய் அவ்வாறே மிகுந்திருக்க வேண்டுமன்றோ? 1990களில் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் தீவுகளில் நடந்த ஆய்வுகள் அங்கே அத்தகைய மிகுதியைக் காணவில்லை. எனவே குறை இரத்தத்தில் இல்லை. குடியேறிய மண்ணின் ஒதுக்கல் மனத்தை நோகச் செய்கிறதா, மருத்துவரின் கண்ணே மிகையாகக் காண்கிறதா என்றால், இரண்டும் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

2018ஆம் ஆண்டு அரசு கேட்டுப் பெற்ற அறிக்கையின்படி, கறுப்பினத்தவர் மனநலச் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக அடைக்கப்படுவது வெள்ளையரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல். அடைத்துவிடுவார்களே என்னும் அச்சத்தால் நோயுற்றவர் மருத்துவரை நாடாதிருக்கிறார், நோய் முற்றுகிறது, இறுதியில் காவலர் கொண்டுவந்து சேர்க்கின்றனர். அந்நிலையில் வருபவரைக் கண்டு பணியாளரும் அஞ்சுகின்றனர். இரு அச்சங்களும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. ஆயினும் வலிமையும் பூட்டும் ஒரு பக்கமே இருப்பதால், அச்சத்தை முதலில் விட வேண்டிய கடன் அப்பக்கத்தாருக்கே உரியது. நோயாளி அவர்கள் கையிலுள்ள அமானிதம் அல்லவா?

2010இல் ஒலசெனி லூயிஸ் என்னும் 23 வயது இளைஞர், தாமே உதவி நாடிச் சென்ற மருத்துவமனையில், காவலர்கள் அழுத்திப் பிடித்ததன் பின் உயிர்நீத்தார். பெற்றோர் ஓயாது முயன்றனர். அதன் பயனாக, மருத்துவமனைகளில் பலாத்காரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2018இல் பிறந்தது.

பென்னட் முன்னரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். 1993இல், அம்மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு. கறுப்பு இளைஞர் பலர் இங்கே நோயாளிகளாக இருக்கிறோம். பணியாளரில் எங்களவர் ஒருவர்கூட இல்லை. இருவரையேனும் நியமியுங்கள் என்பது அதன் சாரம். அனைவரின் பாதுகாப்புக்காகவும் மனநிறைவுக்காகவும் என்றே அவர் காரணம் காட்டியிருந்தார்.