நாய்க்குட்டிக்குக் குலம் எதற்கு?

உயிருள்ள ஒன்றை, அதன் நிறத்தையும் உரோமத்தின் சுருளையும் காதின் தொங்கலையும் பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்கும் அதிகாரம் மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்ற வினா, குடை வாங்கக் கடைக்குச் செல்லுகிறவனுக்குத் தோன்றாதது இயல்பே. நாய்க்குட்டி வாங்கச் செல்லுகிறவனுக்கும் அது தோன்றுவதில்லை என்பதுதான் விசாரத்துக்கு உரியது. சுழி பார்த்துக் காளை பிடித்த குடியானவனுக்கு அதனிடம் வாங்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஆகையால் அவன் திமிலையும் குளம்பையும் ஆராய்ந்ததில் குற்றம் காண இயலாது. மடியிலே வைத்துக் கொஞ்சுவதற்கென்றே கொண்டுவரப்படும் சிறு நாயிடமோ நாம் நாடுவது அதன் அன்பு ஒன்றையே. அன்பை நாடிப் போகிறவன் குலகோத்திரம் விசாரிக்கலாமா?

இந்த வினாவைக் கலப்பின நாய் இன்னும் சிக்கலாக்குகிறது. ஸ்பானியலுக்கும் பூடிலுக்கும் பிறந்த 'காக்கபூ' முதல், பொமரேனியனுக்கும் பெயரறியாத வேறொன்றுக்கும் பிறந்து நம் தெருக்களில் 'கிராஸ்' என்ற ஒரே சொல்லால் அறிமுகம் செய்யப்படுகிற வெள்ளைக்குட்டி வரையில், இன்று நகரவாசிகள் பலர் விரும்பித் தேடுவது இத்தகைய சிறிய கலப்புக் குட்டிகளையே. குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே வைத்த அர்ஜுனன் கூறிய காரணங்களுள் வர்ணசங்கரம் என்ற குலக்கலப்பைப் பற்றிய அச்சமும் ஒன்று. அவன் அஞ்சிய சங்கரம் நாய்களின் உலகத்தில் விலையை ஏற்றுகிற லட்சணமாகிவிட்டது. இதைக் கண்டு, குலப்பெருமை தொலைந்ததென்று மகிழலாமென்றால் அதற்கும் இடமில்லை; கலப்பே ஒரு புதிய குலமாகி வருகிறது.

நாய்களின் குலப்பெருமை நாம் நினைக்குமளவு புராதனமானதன்று. நாய்களை வரிசையாக நிறுத்தி லட்சணம் பார்த்துப் பரிசளிக்கும் போட்டி 1859இல் இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் நகரில் நடந்தது. வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் லண்டனில் 1873இல் ஏற்பட்டது. அதுவரை ஆடு மேய்த்ததும் எலி பிடித்ததும் வேட்டைக்குப் போனதுமாகிய தொழில்களால் அறியப்பட்டிருந்த நாய்கள், அதன்பிறகு மெல்ல மெல்ல முகத்தின் நீளத்தாலும் வாலின் வளைவாலும் அறியப்படலாயின. பதிவேட்டுக்கு உள்ளேயே சம்பந்தம் செய்துவந்ததன் பலனைப் பக் நாயின் திணறும் மூச்சிலும், கவாலியர் ஸ்பானியல்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதயவால்வு நோயிலும் இன்று காண்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவம் இங்கே குறிப்பிடத்தக்கது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவர், ஹவாய்த் தீவிலிருந்த பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு நாய் வேண்டும், ஆனால் அவருடைய கணவருக்கு நாய் உரோமம் ஒவ்வாது என்ற இக்கட்டைத் தீர்ப்பதற்காக, 1989ஆம் ஆண்டு வாக்கில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளுள் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மற்றக் குட்டிகள் கலப்பினம் என்பதால் அவற்றை வளர்க்க முன்வருவோர் இல்லை. 'லாப்ரடூடில்' என்று அவர் ஒரு பெயரைச் சூட்டினார். உடனே வீடுகள் பல அக்குட்டிகளைக் கேட்டு வந்தன! பின்னாளில் அவர், பணத்துக்காகக் கண்டபடி இணைசேர்ப்போருக்குத் தாமே வழிகாட்டியாகிவிட்டதை எண்ணி வெளிப்படையாக வருந்தினார். குட்டியின் இரத்தம் மாறவில்லை, சுபாவம் மாறவில்லை. பெயர் வந்தது, பெயரோடு அந்தஸ்தும் வந்தது. குலத்தை மறுத்துப் பிறந்ததையே புதிய குலமாக்கிவிடும் இந்தச் சாமர்த்தியம் மனித சமூகத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

கலப்பால் நோய் அணுகாது என்று விற்பவர்கள் கூறுவது பாதி உண்மை. ஒரே குலத்துக்குள் மறைந்து பெருகிவந்த குறைகளுள் சில, வேற்றினத்தோடு சேரும்போது வெளிப்படாமல் போவதுண்டு; ஆயினும் முழங்காற்சில்லு நழுவுகின்ற குறை சிறிய பூடிலுக்கும் உண்டு, பொமரேனியனுக்கும் உண்டு என்றால், அவ்விரண்டுக்கும் பிறந்த குட்டி அதிலிருந்து தப்பிவிடும் என்று யார் உறுதி கூறமுடியும்? உரோமம் உதிராது என்ற வாக்குறுதியும் அத்தகையதே.

இனி நம்முடைய நூல்கள் நாயின் குலத்தைப் பற்றி என்ன கருதின என்று பார்ப்போம். மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு நாயின் வழக்கு வருகிறது. ஜனமேஜயனுடைய யாகசாலைக்கு வந்த ஒரு நாயை அவன் சகோதரர்கள் அடித்துத் துரத்துகிறார்கள். அதன் தாயாகிய சரமை சபைக்கு வந்து, வேள்விக்குரிய ஹவிஸைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை, என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவள் தேவலோகத்து நாய். ஆயினும் அந்தப் பெருமையைச் சபையில் எடுத்துரைக்கவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை ஏன் என்பதொன்றே அவள் வழக்கு. விடை கூறுவாரில்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்தடையும் என்று சபித்துவிட்டுப் போகிறாள்.

அதே இதிகாசம் முடியும் தறுவாயில், பாண்டவர்களின் இறுதிப் பயணமாகிய மகாபிரஸ்தானத்தில், மற்றொரு நாய் வருகிறது. அஸ்தினாபுரத்திலிருந்து தானாகவே பின்தொடர்ந்து வந்தது அது. யுதிஷ்டிரர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராக விழுந்தபின், இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறுக, சுவர்க்கத்தில் நாயோடு வருவோர்க்கு இடமில்லை என்கிறான். அடைக்கலமாக வந்த பக்தனைக் கைவிடுவது மகாபாதகம் என்று அவர் மறுக்கிறார். மனைவியையும் தம்பியரையும் விட்டுவந்தவர் நாயை விடக்கூடாதா என்று இந்திரன் மடக்கும்போது அவர் கூறும் விடைதான் அந்தப் பர்வத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம்: இறந்தவர்களை எழுப்ப என்னால் ஆகவில்லை; உயிரோடிருந்தபோது நான் அவர்களை விட்டவனல்லன். பிறகு அந்த நாய் தர்மதேவதையாக வெளிப்பட்டது என்பதை நாம் பெரிதாகப் பேசுகிறோம். யுதிஷ்டிரருக்கு அது முன்கூட்டித் தெரியாது என்பதல்லவா பெரிது! தர்மதேவன் என்று வம்சப்பத்திரம் பார்த்துவிட்டு அவர் பிடிவாதம் செய்திருந்தால் அதிலே என்ன மேன்மை இருக்கும்?

அப்படியானால் தேர்ந்தெடுப்பதே பாவமா என்று கேட்கலாம். நான் அவ்விதம் கருதவில்லை. சிறிய வீட்டில் வசிப்பவன் சிறிய நாயைத் தேடுவதும், முதியோர் உள்ள இல்லத்தில் முரட்டுத்தனமில்லாத குட்டியை நாடுவதும் விவேகமே. ஆனால் இந்தத் தேர்வு நம் சக்தியின் அளவைப் பற்றியதாக இருக்கவேண்டுமேயன்றி, குட்டியின் பிறப்பைப் பற்றியதாக இருத்தலாகாது. தேர்வு ஒரு நாளோடு முடிகிறது; சிறிய நாய் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது.  

அடைக்கலமாக வந்த ஆச்ரிதனைக் காப்பது என்பது வெறும் பாவனையன்று. எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. இந்தியாவில் 2017இல் வந்த விதிகளும் அதற்குமுன் விற்பதைத் தடைசெய்கின்றன. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை இடைவெளிவிட்டுப் போடவேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதம் நிறைந்தபின். சிறிய நாய்களின் மூச்சுக்குழல் மெல்லியதாதலால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் வார் நல்லது. சிறிய வாயில் பற்கள் நெருங்கி முளைப்பதால் பல்நோயும் விரைவில் வரும். பாயசத்துத் திராட்சையும், சாக்லெட்டும், வெங்காயம் கலந்த குழம்புச் சோறும் அன்பினால் ஊட்டப்படும் விஷங்கள். சுருள் உரோமத்தை நாள்தோறும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்து அடியிலுள்ள தோல் புண்ணாகும். இவற்றையெல்லாம் செய்ய நேரமில்லாதவன் ஆசையை அடக்குவதே அஹிம்சை.

திருவண்ணாமலையில் பகவான் ரமணர் ஆசிரமத்து நாய்களைக் குழந்தைகளைப் போலப் பாவித்து, அவற்றுக்கு முதலில் அன்னமிடச் செய்வார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். லக்ஷ்மி என்ற பசுவின் சமாதிக்கு அருகிலேயே ஜாக்கி என்ற நாயின் சமாதியையும் இன்றும் அங்கே காணலாம். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் நிறைவேறிய மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த பிராணியைப் பசிதாகத்தால் வாடும்படி கைவிடுவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், குட்டியாயிருந்தபோது விலைகொடுத்து வாங்கப்பட்ட நாய்கள் தோல்நோய் கண்டதும் தெருவில் விடப்படுவதை நாம் காணாமலில்லை.

ஆகவே, குட்டி ஒன்றைக் கொண்டுவர எண்ணியிருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: குட்டியைப் பார்க்கச் செல்லும்போது அதன் தாயையும் காட்டும்படி கேளுங்கள். அது இருக்குமிடத்தையும் அதன் உடல்நிலையையும் கண்ணால் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம், குட்டி எத்துணை அழகாயிருப்பினும், வாங்காதீர்கள்.