எஞ்சினுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?

சென்னையில் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டதும் நாம் மறந்துவிடுவது எங்கே போகிறது? கொடுங்கையூர், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையங்களில் அதன் கசடு மின்சாரமாகிறது. மூக்கைப் பிடிக்காமல் மேலே படியுங்கள்.

கசடைக் கெட்டிப்படுத்தி, காற்றுப் புகாத பெரிய கலனில் அடைக்கிறார்கள். சுமார் 35 டிகிரி வெப்பத்தில், ஏறத்தாழ மூன்று வாரம், நுண்ணுயிரிகள் அதைத் தின்று செரிக்கின்றன. வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். சும்மா வெளியே விட்டால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. எஞ்சினில் எரித்தால், நிலையத்தின் எந்திரங்களை ஓட்ட மின்சாரம். மந்திரம் எதுவும் ஓதவில்லை.

மலத்தைத் தீட்டு என்றோம். அதை அள்ளியவரையும் தீட்டு என்றோம். மின்சாரமானதும் அந்தத் தீட்டு எங்கே போயிற்று? யார் எந்தப் பரிகாரம் செய்து கழித்தார்கள்?

அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம். அது எஞ்சினை அரித்துவிடும் என்பதால், முதலில் வாயுவைச் சுத்தப்படுத்தி, பிறகுதான் உள்ளே அனுப்புகிறார்கள். எஞ்சின்மேல் அவ்வளவு கரிசனம். இருக்கட்டும், மக்கள் பணத்தில் வாங்கியதுதானே!

அதே நஞ்சுதான் உங்கள் தெரு மேன்ஹோலிலும் வீட்டு செப்டிக் டேங்கிலும் தேங்கியிருக்கிறது. அங்கே அதைச் சுத்தப்படுத்துவது யார்? இறங்குகிறவரின் நுரையீரலா? அடர்த்தி கூடினால் அது முதலில் மோப்பத்தை மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று அவர் நினைக்கும்போதே சாய்வார். தூக்கப் போனவரும் சாய்வார். மறுநாள் பத்திரிகையில் ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’. தாக்கியது வாயுவாம்! இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

தலைவிதி என்பீர்களா? அந்த விதி ஏன் எப்போதும் ஒரு சில சாதிக்காரர் தலையிலேயே எழுதப்படுகிறது? எந்திரம் இல்லை என்பீர்களா? கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த பேண்டிகூட் ரோபோ 2018-லேயே திருவனந்தபுரத்தில் மேன்ஹோலுக்குள் இறங்கிவிட்டது. கசடிலிருந்து மின்சாரம் எடுக்கத் தெரிந்த ஊருக்கு, குழியிலிருந்து அடைப்பை எடுக்கத் தெரியாதா? தெரியும். மனித உயிர் மலிவு என்ற கணக்குதான் நம்மிடம் மாறவில்லை.

1993 முதல் சாக்கடையில் இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2014-ல். 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறியிருக்கிறது. பிணம் விழுவது நின்றதா?

அரசைத் திட்டிவிட்டு நீங்கள் நழுவ முடியாது. உங்கள் வீட்டு டேங்க் நிரம்பும். ‘லாரி வர நாளாகும் சார், ஆள் வெச்சா சல்லிசா முடிஞ்சிடும்’ என்பார் ஒருவர். அப்போது தலையாட்டுவீர்களா? தலையாட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சிறை இறங்கியவருக்கு அல்ல, இறக்கியவருக்கு.